நூற்றுப் பதினேழாம் மேசை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காது மந்தமானவர்கள் முன்னால் வரட்டும், நன்றாகக் கேட்பவர்கள் இடம் விடட்டும். இன்றைக்கு ஒரு மேசையின் கதை சொல்கிறேன். பேய்க் கதை இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டு முடித்ததும் உங்கள் உள்ளங்கையை நீங்களே ஒருதரம் சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

இது இன்னும் வராத காலத்தில் நடந்தது. இன்றைக்குப் பிறந்த குழந்தைக்குத் தலை நரைக்கிற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். தமிழ் பேசுகிற மாநிலம், வெயிலுக்குக் குறைவில்லாத மாநிலம், அவ்வளவுதான்.

அந்த மாநிலத்துச் சட்டப்பேரவையில் பேரவைத் தலைவரை விட்டுவிட்டால் இருநூற்று ஏழு உறுப்பினர்கள். ஆளுக்கொரு மேசை. மேசையில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். சட்டம் வேண்டும் என்றால் பச்சை, வேண்டாம் என்றால் சிவப்பு. முன்னொரு காலத்தில் ஓர் அமைச்சர் தூக்கக் கலக்கத்தில் பச்சைக்குப் பதில் சிவப்பை அழுத்தி ஆட்சியே ஆட்டம் கண்டதாம். இன்னொருமுறை, கல்யாணத்துக்குப் போயிருந்தவருடைய பொத்தானைப் பக்கத்து இருக்கைக்காரர் எட்டி அழுத்திவிட்டாராம். இனி ஒரு வாக்குகூடத் தப்பாகப் பதியக் கூடாது என்று சபை கூடி முடிவெடுத்து, புத்தி வைத்த மேசைகளைச் செய்யச் சொன்னது. உரியவர் கை பட்டால்தான் பொத்தான் வேலை செய்யும். அதோடு, தன் உறுப்பினர் என்ன பேசுகிறார், எதற்குத் தலையாட்டுகிறார் என்று அது வருடக்கணக்காகக் கவனித்து, அவர் மனம் இன்னது என்று குறித்து வைத்துக்கொள்ளும். ‘சாட்சி மேசை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நூற்றுப் பதினேழாம் மேசைக்காரர் பெயர் மாசானம். பன்னிரண்டு வருடமாக ஆளுங்கட்சி உறுப்பினர். தெற்கத்தி ஆள், கனத்த உடம்பு, கனத்த குரல். சபையில் பேசியது குறைவு. மற்றவர் பேசும்போது மேசையைத் தட்டியது அதிகம். நம் ஊர்ச் சட்டப்பேரவையில் கை தட்டுகிற வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மேசையைத்தான் தட்டுவார்கள். கட்சித் தலைவர் எழுந்தால் தட்டுவார்கள், தலைவர் உட்கார்ந்தால் தட்டுவார்கள், நடுவில் தண்ணீர் குடித்தாலும் தட்டுவார்கள்.

அந்த வருடம் ஒரு சட்டம் வந்தது. பெரிய பெரிய கணினிக் கூடங்கள் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும், அதற்குப் பெரியமடைக் குளத்தை எடுத்துக்கொள்வது என்று சட்டம். பதினோரு ஊர் அந்தக் குளத்தை நம்பி நெல் போடுகிறது. பதினொன்றும் மாசானத்தின் தொகுதி. குளத்தங்கரையில் ஊர் கூடியபோது, “கட்சி என்னமும் சொல்லட்டும். நான் செவப்பத்தான் அமுக்குவேன்” என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வாக்கெடுப்பு நாள். மணி அடித்ததிலிருந்து ஒரு நிமிடம் நேரம். அதற்குள் பொத்தானை மாற்றி அழுத்தவும் செய்யலாம். கடைசியாக முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் அழுத்துவார்கள். அப்போது அவரவர் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டுவார்கள். அது சபையின் வழக்கம். நிமிடம் முடிந்தது. பெரிய பலகையில் பெயர்கள் எரிந்தன. பச்சை நூற்று நான்கு. சிவப்பு நூற்று மூன்று. சட்டம் ஒரே வாக்கில் நிறைவேறியது.

மாசானம் பலகையைப் பார்த்தார். அவர் பெயர் பச்சையில் எரிந்துகொண்டிருந்தது.

“ஏ, நான் செவப்பத்தான்யா அமுக்குனேன்!” என்று எழுந்து கத்தினார். “என்னய்யா அநியாயம் இது! பலகைய நிறுத்துங்க!”

எதிர்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. “ஊருக்கு ஒரு வேஷம், சபைக்கு ஒரு வேஷமா அண்ணாச்சி? பலே, பலே!” என்றது ஒரு குரல்.

சபை கலைந்தது. அன்று பிற்பகல் மாசானம் வீட்டுக்குப் போன் செய்தார். அவர் மனைவி செல்லக்கிளி எடுத்தாள்.

“ஊருல என்ன பேசுதாவ?” என்று கேட்டார்.

“பேசுறதுக்கு என்ன இருக்கு? பச்சை எரிஞ்சத பதினோரு ஊரும் டிவியில பாத்தாச்சு. டீக்கடையில உங்க படத்த எறக்கிச் செவுத்தப் பாக்கத் திருப்பி வச்சுட்டாவ.”

“செல்லக்கிளி, சத்தியமா நான் அமுக்குனது செவப்பு. நீயுமா நம்பல?”

அவள் சொன்னாள்: “பன்னெண்டு வருசமா நீங்க எதுக்கெல்லாம் தட்டுனீயன்னு நானும் டிவியில பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.” போனை வைத்துவிட்டாள்.

மாசானம் அன்றே பேரவைத் தலைவரிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். பேரவைத் தலைவர் சௌந்தரவல்லி புகாரைப் படித்துவிட்டு, குறிப்புப் பிரிவு அதிகாரி குணசீலியைக் கூப்பிட்டு அனுப்பினார். சபையில் நடந்தது நடந்தபடி ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் குணசீலியின் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதைத்தான் செய்கிறாள். எந்தத் தாளையும் விரல் வைத்து வரிவரியாக வாசிப்பாள். எவரையும் முழுதாக நம்ப மாட்டாள், தன்னையும் சேர்த்துத்தான்.

“ஏழாம் நாள் ஆளுநர் கையெழுத்துப் போட்டா அது சட்டம்” என்றார் சௌந்தரவல்லி. “அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். பொய் சொல்றது மேசையா, மாசானமா?”

“மூணாவது ஆளும் இருக்கலாம் மேடம்” என்றாள் குணசீலி.

மூன்றாவது ஆள் என்று அவள் நினைத்தது இரண்டு பேரை. ஒருவர் ரஹ்மத்துல்லா. மேசைகளைப் பராமரிக்கிறவர், ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிகளின் சாவி அவரிடம்தான். இன்னொருவர் ஆளுங்கட்சிக் கொறடா தணிகாசலம். எந்தச் சட்டத்துக்கு எந்தப் பொத்தான் என்று கட்சிக்காரர்களுக்குக் கட்டளை போடுகிறவர் அவர்தான். கட்டளையை மீறினவர் பதவியைப் பறிக்கச் சொல்லி மனுக் கொடுக்கிறவரும் அவர்தான். வாக்கெடுப்பு மணி அடிக்கும் முன் வரிசை வரிசையாக நடந்து முகம் பார்ப்பார். கொறடா எழுந்தால் ஆளுங்கட்சி எழும், உட்கார்ந்தால் உட்காரும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே கண்ணுகளா, அவள் முதலில் சந்தேகப்பட்டது மாசானத்தைத்தான். பச்சையை அழுத்திக் கட்சியைக் குளிர வைத்துவிட்டு, சிவப்பு என்று கத்தி ஊரைக் குளிர வைக்கப் பார்க்கிறார் என்று எண்ணினாள். அவளிடம் அப்படிப் பத்துப் பதினைந்து பேரின் கதை உண்டு.

மறுநாள் காலை வெறும் சபையில் நான்கு பேர் கூடினார்கள். குணசீலி, ரஹ்மத்துல்லா, மாசானம், சாட்சிக்குத் தணிகாசலம். குணசீலி குனிந்து மேசைப் பெட்டியின் முத்திரையைப் பார்த்தாள். அரக்கு அப்படியே இருந்தது. யாரும் திறக்கவில்லை.

“என்னைத்தான சந்தேகப்பட்டீங்க மேடம்?” என்றார் ரஹ்மத்துல்லா.

“ஆமா சார்.”

“நல்லது. இப்ப ஒரு ஆள் கொறைஞ்சுது.”

மாசானத்தை உட்கார வைத்து, சிவப்பை அழுத்தச் சொன்னார்கள். பலகையில் சிவப்பு எரிந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி சிவப்பு. இருபது முறை அழுத்தினார். இருபது முறையும் சிவப்பு. மாசானத்தின் நெற்றி வியர்த்துவிட்டது.

தணிகாசலம் சிரித்தார். “இருபதுக்கு இருபது. மேசை தங்கமாட்டம் வேலை செய்யுது. அண்ணே, எல்லாரும் உங்களுக்கு வேண்டியவங்கதான். புகாரை வாபஸ் வாங்கிட்டு ஊருக்குப் போய் ஒரு கோயில் கொடைவிழா நடத்துங்க. ஜனங்க மறந்துடுவாங்க.”

“நீரு என்னவே சொல்லுதீரு? நான் நடிக்கனா?” என்று மாசானம் எழுந்தார்.

“நான் சொல்லலைண்ணே, மேசை சொல்லுது” என்றபடி தணிகாசலம் வெளியே நடந்தார். ஒன்றைக் குணசீலி கவனித்தாள். வந்ததிலிருந்து போகிறவரை அந்த மனிதர் எந்த மேசையிலும் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். வரிசைக்கு நடுவே நுழையும்போதுகூட உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார்.

அன்று பகல் முழுக்க அவள் வாக்கெடுப்பு நாளின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மாசானத்தின் முதுகுதான் தெரிந்தது. எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. அழுத்தினார், கையை எடுத்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு முதல்வர் அழுத்தினார். வரிசை முழுக்கத் தட்டியது. மாசானத்தின் வலது கையும் எழுந்து எழுந்து விழுந்தது.

சிவப்பை அழுத்திய மனிதர் எதற்காகத் தட்டினார்? இந்தக் கேள்வி வந்ததும் அவள் விரல் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் மறுபடி மாசானத்தை வரச் சொன்னாள். தணிகாசலத்துக்குச் சொல்லவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு அமுக்கின பிறகு தட்டினீங்களா?”

“நான் எதுக்குத் தாயி தட்டப் போறேன்? கொளத்தக் கொடுக்கற சட்டத்துக்கா? தட்டவே இல்ல.”

“நிச்சயமா?”

“என் கொளத்து மேல ஆணையா.”

குணசீலி படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “சரி, உட்காருங்க. இன்னொரு தடவை சிவப்பை அமுக்குங்க” என்று மட்டும் சொன்னாள். அவர் அழுத்தினார். ரஹ்மத்துல்லா, ஏற்கெனவே பேசி வைத்தபடி, வாக்கெடுப்பு நாளின் ஒலிப்பதிவை அப்படியே திரும்ப ஓட்டினார். வெறும் சபையின் ஒலிபெருக்கியில் மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ இருமினார். “மாண்புமிகு முதல்வர் அவர்கள் வாக்களிக்கிறார்கள்” என்று அறிவிப்பு வந்தது. பிறகு மழை பெய்வதுபோல் நூறு மேசை தட்டுகிற சத்தம்.

மாசானம் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். “ஊருல என் தங்கச்சி மவளே என்ட்ட பேச மாட்டேங்கா தாயி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை, கண் அவள் முகத்தில்தான் இருந்தது. ஆனால் அவருடைய வலது கை தானாக எழுந்து மேசையில் தட்டியது. நான்கு தட்டு.

பலகையில் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

மாசானம் பலகையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ தன் தோளில் ஒட்டி வைத்திருப்பதுபோல் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“நான் தட்டுனனா?” என்றார்.

குணசீலி தலையசைத்தாள்.

ரஹ்மத்துல்லா அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அய்யா, முன்னாடி இந்த மேசையில ஒரு மஞ்ச விளக்கு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“ஆமா, இருந்துச்சு. நாங்கதான எடுக்கச் சொன்னோம்.”

“அதேதான். நீங்க அமுக்கறதும், மேசை உங்க மனசுன்னு குறிச்சு வெச்சிருக்கறதும் வேறயா இருந்தா, கை தவறிடுச்சோன்னு மேசைக்குச் சந்தேகம் வரும். மஞ்ச விளக்கு எரியும். ‘இதுதானா?’ன்னு கேள்வி. நீங்க மறுபடி அமுக்கினா அதுதான் முடிவு. ஆனா விளக்கு எரிஞ்சா கொறடாவுக்குத் தெரிஞ்சுடுதே, யாரு தடுமாறறாங்கன்னு! ரெண்டு கட்சியும் சேர்ந்து விளக்கை எடுக்கச் சொன்னீங்க. நாங்க விளக்கை எடுத்தோம்.” அவர் ஒரு மூச்சு விட்டார். “கேள்வியை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல. நாங்களும் யோசிக்கல.”

“அப்ப கேள்வி இன்னும் இருக்கா?” என்றாள் குணசீலி.

“இருட்டுல நின்னு கேட்டுக்கிட்டே இருக்கு மேடம். நிமிஷம் முடியறதுக்குள்ள அய்யா கை மறுபடி பட்டா, அதுதான் பதில்னு எடுத்துக்குது. பன்னெண்டு வருஷமா அய்யா எப்பத் தட்டினாலும் தலைவர் சொல்றதுக்குத்தான் தட்டியிருக்காரு. அதனால தட்டுன்னா ‘தலைவர் பக்கம்’னு மேசை கத்துக்கிச்சு. நேத்து இருபது தடவை யாரும் தட்டல. அதான் இருபதும் சிவப்பு.”

மாசானம் மெதுவாகச் சொன்னார்: “செல்லக்கிளி இதத்தான் சொன்னா. எனக்குத்தான் வெளங்கல.”

“அண்ணாச்சி, நான் இதை அறிக்கையா எழுதினா சிவப்புன்னு திருத்தலாம்” என்றாள் குணசீலி. “சட்டம் விழுந்துடும். ஆனா நீங்க கொறடா கட்டளையை மீறினதா ஆகும். பதவி போயிடும். இப்படியே விட்டா பதவி இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன தாயி இருக்கு? செவப்ப அமுக்கும்போதே பதவி போவும்னு தெரிஞ்சுதான் அமுக்குனேன். எழுது.”

அவரைப் பற்றி வைத்திருந்த சந்தேகத்தைக் குணசீலி அந்த இடத்திலேயே கீழே போட்டாள். அது சுலபமாக இருந்தது. அடுத்த சந்தேகம்தான் சுலபமாக இல்லை. விளக்கை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடத்தில் மாசானம் ஒருவருக்கு மட்டுமா இப்படி நடந்திருக்கும்?

ரஹ்மத்துல்லா நான்காம் நாள் மதியம் பட்டியலோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது. “மாசானம் அய்யாவை விட்டுட்டு இன்னும் நாற்பத்தோரு தடவை மேடம். ரெண்டு கட்சியிலயும். தலைவருக்கு எதிரா அமுக்கியிருக்காங்க, அப்புறம் தட்டியிருக்காங்க, மேசை தலைவர் பக்கம் மாத்தியிருக்கு. பலகையில அவங்க பேரு தப்பா எரிஞ்சதை எல்லாரும் பாத்திருக்காங்க.”

“ஒருத்தர்கூடப் புகார் கொடுக்கலையா?”

“ஒருத்தர்கூட.”

கண்ணுகளா, குணசீலிக்கு அப்போதுதான் உடம்பு சில்லிட்டது. மேசை பொய் சொன்னதற்காக இல்லை. அத்தனை பேரும் அந்தப் பொய்யைப் போர்த்திக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்ததற்காக. அவள் பட்டியலில் விரல் வைத்து வரிவரியாக வாசித்தாள். ஒரு மேசை எண் ஆறு முறை வந்தது. ஆறாவது முறை, இதே குளத்துச் சட்டம்.

ஐந்தாம் நாள் காலை தணிகாசலமே அவள் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“குணசீலியம்மா, ஏதோ பட்டியல் இருக்காமே. மாசானம் விஷயத்தை மட்டும் எழுதுங்க, போதும். பழசையெல்லாம் கிளறினா சபையில ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டாங்க. உங்களுக்கும் ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கு. மாவட்டத்துல எங்கயாவது தூக்கிப் போட்டா வீட்டை விட்டுட்டு எங்க போய் நிப்பீங்க?”

“சார், அந்தப் பட்டியல்ல நாலாம் எண் மேசை ஆறு தடவை இருக்கு” என்றாள் குணசீலி.

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பின்னால் கட்டியிருந்த கைகள் மட்டும் அவிழ்ந்தன. நான்காம் எண் மேசை அவருடையது.

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல் தடவை பச்சை எரிஞ்சப்ப பயந்துட்டேம்மா” என்றார். “யாரோ கண்டுபிடிச்சு மாத்திட்டாங்கன்னு நெனைச்சேன். யாரும் வரல. அப்புறம், தட்டினாத்தான் மாறுதுன்னு புரிஞ்சுது. பழகிடுச்சு. சிவப்பை அமுக்கின திருப்தியும் கெடைச்சுது, பச்சை எரிஞ்ச பாதுகாப்பும் கெடைச்சுது. ரெண்டும் ஒண்ணா கெடைச்சா எவன் வேணாம்பான்?”

“குளத்துக்கும் சிவப்பா சார்?”

“எங்கம்மா பொறந்த ஊர் அந்தப் பதினொண்ணுல ஒண்ணு.” அவள் பக்கம் குனிந்தார். “அந்த வரியை மட்டும் அழிச்சுடலாமா?”

“அழிக்கலாம். ஆனா அண்ணாச்சி அமுக்கின சிவப்பும் அதே பதிவுலதான் இருக்கு. தொட்டா ரெண்டும் சேர்ந்துதான் போகும். அவர் பொய்யராவே ஊருக்குப் போவாரு.”

தணிகாசலம் எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார். “நான் வந்தேன்னு எழுதிக்காதீங்க.”

“எழுத மாட்டேன் சார். சபையில நடக்கறதுதான் என் ஏட்டுக்கு.”

ஆறாம் நாள் சபை கூடியது. குறிப்பைத் திருத்துவதென்றால் சபை ஒப்ப வேண்டும். நூற்று நான்கு பேராவது வேண்டும். சௌந்தரவல்லி அறிக்கையை வாசித்தார்.

“அன்று இரண்டு மேசைகளில் சிவப்பு பச்சையாகப் பதிந்திருக்கிறது. ஒன்று மாசானம் அவர்களுடையது. மற்றவர் இதுவரை புகார் தரவில்லை. அவர் முன்வந்தால் பெயரை வாசிப்பேன். முன்வராவிட்டால், குறிப்பைத் திருத்தச் சபை ஒப்பிய பிறகே வாசிப்பேன். இதற்கு முந்தைய நாற்பது தடவைகளின் பட்டியல் இந்த உறையில் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.”

சபையில் மூச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருப்பவரை ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கணவன் மனைவிபோல் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள்கூட நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

“இப்ப யாரும் மேசையில கை வைக்க வேண்டாம். எல்லாரும் கையை மடியில வச்சுக்கங்க” என்றார் சௌந்தரவல்லி, பள்ளிக்கூடத்து ஆசிரியை மாதிரி. “குறிப்பைத் திருத்த ஒப்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம். தலையை எண்ணுவோம்.”

மாசானம் எழுந்து நின்றார். எதிர்க்கட்சியில் எல்லாரும் எழுவார்கள் என்று குணசீலி எண்ணியிருந்தாள். எழுந்தது எழுபத்தொரு பேர். மற்றவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இதைத் திருத்தினால் நாளைக்கு உறையும் திறக்கும் என்ற பயம் அந்த வரிசையிலும் இருந்தது. எழுபத்திரண்டு தலை. ஆளுங்கட்சிப் பக்கம் மாசானம் ஒரே ஆள், தோப்பில் ஒற்றைப் பனைபோல. அவர் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஒன்றோடொன்று இறுகக் கோத்து வைத்திருந்தார்.

“வேறு யாராவது?” என்றார் பேரவைத் தலைவர்.

குணசீலி நான்காம் மேசையைப் பார்த்தாள். தணிகாசலம் மடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரவைத் தலைவர் சுத்தியலை எடுத்தார்.

தணிகாசலம் எழுந்து நின்றார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கொறடா எழுந்தால் எழ வேண்டும் என்பது அந்த வரிசைகளுக்கு எலும்பில் ஊறிய பழக்கம் அல்லவா? முதல் வரிசை சடாரென்று எழுந்தது. முதல் வரிசையைப் பார்த்து இரண்டாம் வரிசை. ஏன் என்று கேட்காமல் மூன்றாம் வரிசை. முதல்வர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். தன் கட்சி முழுக்க நிற்கிறது. தான் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது அழகாக இராது என்று அவரும் எழுந்தார். ஆளுங்கட்சியே நிற்கும்போது நாம் உட்கார்ந்திருந்தால் நம்மேல் சந்தேகம் வருமே என்று எதிர்க்கட்சியில் மிச்சமிருந்தவர்களும் எழுந்தார்கள். இருநூற்று ஏழு தலை.

“சபை ஏகமனதாக ஒப்புகிறது” என்றார் சௌந்தரவல்லி. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். “மற்றொரு மேசை, எண் நான்கு. மாண்புமிகு கொறடா தணிகாசலம் அவர்கள்.”

சிவப்பு நூற்று ஐந்து, பச்சை நூற்று இரண்டு என்று திருத்தம் வாசிக்கப்பட்டது. சட்டம் விழுந்தது. பழக்கத்தில் இருநூறு கை மேசையைத் தட்ட எழுந்தன. எழுந்து, ஏதோ நினைவு வந்து, அந்தரத்தில் நின்றன. அப்படி ஒரு நிசப்தத்தை அந்தச் சபை அதற்கு முன் கேட்டதில்லை.

குணசீலி தன் ஏட்டில் ‘ஏகமனதாக’ என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுந்தவர்கள் எத்தனை பேர், எழுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை. தலைகளை எண்ணியாகிவிட்டது. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை.

அன்று மாலையே தணிகாசலம் இரண்டு மனு எழுதினார். கட்டளையை மீறிய உறுப்பினரின் பதவியைப் பறிக்கக் கோரும் மனு. முதல் மனுவில் மாசானத்தின் பெயர். இரண்டாவதில் தன் பெயர். கொறடா என்ற முறையில் இரண்டிலும் அவரே கையெழுத்துப் போட்டார். மேசைகளிலிருந்து கேள்வியை எடுக்கவா, விளக்கைத் திரும்ப வைக்கவா என்று சபை இன்னும் குழு போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த உறையைத் திறக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் எழுந்து கேட்கவில்லை.

மாசானம் பேருந்தில் ஊருக்கு வந்தார். டீக்கடையில் அவர் படம் நேராகத் திரும்பியிருந்தது. யார் திருப்பினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பெரியமடைக் குளத்தங்கரையில் பதினோரு ஊரும் கூடியது. பெரியவர் ஒருவர் எழுந்து, “நம்ம மாசானம் இருக்காரே, அவரு சாதாரண ஆளு இல்ல...” என்று பேச்சைத் தொடங்கினார். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள்.

மாசானத்தின் வலது கை எழுந்தது. முன்னால் கிடந்த பெஞ்சுப் பலகையைத் தட்டப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளி அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவரு இன்னும் சொல்லி முடிக்கல” என்றாள். “என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு, அப்புறம் தட்டுங்க.”

அவ்வளவுதான் கதை. போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் ஊர்க் குளம் கோடையிலும் தண்ணீர் பிடித்து நிற்கட்டும். உங்கள் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டே இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஆகச் சின்னது எதுவோ, அது வாய் திறந்து ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால், அதை வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிற காதுகள் அந்த வீடு நிறைய இருக்கட்டும்.